நாலு ஜிபி, நாற்பது ஆலோசனை

அந்தமானின் சாத்தத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் குடியிருந்து, விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு லேப்டாப்பை வாங்கிவிட்டு, அது திறப்பதற்குள் சோறு வடித்து ரசமும் வைத்து முடிக்கும் தமிழர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஹாடோ, டெலானிப்பூர், டெய்ரி ஃபார்ம் வாசிகளும் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். மெயின்லேண்டில் இருப்பவர்கள் படிப்பதற்கும் தடையில்லை. ஆனால் சென்னைக்காரருக்கு ரிச்சி தெரு இருக்கிறது. கோபம் வந்தால் பஸ் ஏறிப் போய் ஒரு பாகத்தை வாங்கி மாட்டிவிட்டு வந்துவிடுவார். நமக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. ஆகவே நாம் தந்திரத்தால்தான் பிழைக்க வேண்டும்.

முதலில் தகுதித் தேர்வு. லேப்டாப்பின் பவர் பட்டனை அமுக்குங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு சாத்தம் பாலத்தைக் கடந்து ஹாடோ பக்கம் நடந்து, ஒரு டீ சொல்லி, ஆற்றிக் குடித்து, மரம் அறுக்கும் சா மில்லைத் தேடிவரும் டூரிஸ்ட் ஒருவருக்கு வழியும் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். திரையில் புள்ளிகள் இன்னும் வட்டமடித்துக்கொண்டிருந்தால் நீங்கள் தேர்ச்சி. டெஸ்க்டாப் வந்தும் மவுஸ் அம்பு மட்டும் அசைய மறுத்தால் முதல் வகுப்பில் தேர்ச்சி. எல்லாம் தயாராக இருந்தால், பாம்பூஃப்ளாட் ஃபெரிக்கு நிற்கும் வண்டிக் கூட்டத்தில் மாட்டி உங்களுக்குத்தான் நேரமாகிவிட்டது என்று பொருள். இன்னொரு நாள் முயலவும்.

படி ஒன்று, பழியை யார் தலையில் போடுவது என்று தீர்மானிப்பது. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதிக்கு முன்னால் அந்தமானில் மோசமான லேப்டாப் என்று ஒன்று இருந்ததே இல்லை. எது நின்றாலும் “நெட் இல்ல” என்று முடித்துவிடுவோம். அதில் பொய்யும் கிடையாது. தீவுகளுக்கு வந்த இணையம் செயற்கைக்கோள் வழியாக வந்தது. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒன்றை எட்டி இறங்கி, பதிலும் அதே உயரம் ஏறி இறங்கி வர, ஒளி வேகத்தில் போனாலும் அரை நொடி பிடிக்கும். வந்த கொஞ்சத்தையும் ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று எல்லோரும் பிய்த்துக்கொண்டார்கள். மெயில் திறக்கவில்லையா, வானத்தைக் காட்டிவிடலாம். எவ்வளவு கௌரவமான காலம்!

அந்த ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் சென்னை-அந்தமான் கடலடிக் கேபிளைத் தொடங்கி வைத்தார். சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். செலவு 1,224 கோடி ரூபாய். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்து (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று எழுத வேண்டும், வாய்க்கு இன்னும் பழகவில்லை), அங்கிருந்து ரங்கத், ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார் என்று கிரேட் நிக்கோபார் வரை கண்ணாடி இழை போய்ச் சேர்ந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கூடவே ஒரு விபரீதம் நடந்ததை மட்டும் யாரும் வெளியே சொல்லவில்லை: லேப்டாப்பின் சாயம் வெளுத்துவிட்டது. அதே வீட்டில் அதே வைஃபையில் செல்போனில் வழுக்கிக்கொண்டு ஓடும் வீடியோ லேப்டாப்பில் திக்கித் திக்கி நின்றால் இனி வானத்தைக் காட்ட முடியாது. பதினெட்டாயிரம் ரூபாய் லேப்டாப்பை அவமானப்படுத்த 1,224 கோடி செலவழிக்க வேண்டுமா என்று வரி கட்டுகிறவர் என்ற முறையில் நீங்கள் கேட்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் மட்டும் “கேபிள்ல ஏதோ கோளாறு” என்பது இன்றும் செல்லுபடியாகும். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

படி இரண்டு, ரிஃப்ரெஷ். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இந்த நாட்டில் மவுஸைத் தொட்ட எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியது. டெஸ்க்டாப்பில் வெறும் இடமாகப் பார்த்து ரைட் கிளிக், ரிஃப்ரெஷ். குறைந்தது மூன்று முறை. வேலை அவசரமென்றால் எஃப்5 பட்டனை விடாமல் அமுக்கலாம். பலன் என்னவென்றால், திரையில் இருக்கும் ஐகான்கள் மறுபடி ஒருமுறை வரையப்படும். ராம் காலியாகாது, ப்ராசசருக்கு வேகம் வராது. சொல்லப்போனால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ப்ராசசருக்குப் படம் வரையும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. ஆனாலும் ரிஃப்ரெஷ் செய்யாமல் எக்செல்லைத் திறக்கும் துணிச்சல் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? தொடர்ந்து செய்யுங்கள்.

படி மூன்று, மாமா. ஒவ்வொரு குடும்பத்திலும் கம்ப்யூட்டர் தெரிந்த மாமா ஒருவர் கட்டாயம் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு அவரைக் கூப்பிட்டால் போதும், லேப்டாப்பையும் பார்த்துவிட்டுத்தான் போவார்.

“மாப்ள, டெம்ப் ஃபைலெல்லாம் டெலிட் பண்ணியா?”

“பண்ணிட்டேன் மாமா.”

“ப்ரீஃபெட்ச்?”

“அதையும்.”

“அப்புறமும் ஸ்லோவா இருக்கா? அப்ப ஒரு க்ளீனர் போட்ருவோம். கூட ஒரு ஆன்டிவைரஸ். ஏற்கெனவே ஒண்ணு இருக்கா? இருக்கட்டுமே, ரெண்டு இருந்தா பலம்தானே.”

ப்ரீஃபெட்ச் என்பது, எந்த புரோகிராமைத் திறக்கும்போது என்னென்ன கோப்புகள் தேவைப்பட்டன என்று விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு. அடுத்த முறை சீக்கிரம் திறப்பதற்காக. அதை மாமா அழித்தால் விண்டோஸ் மறுபடி முதலிலிருந்து எழுதும், எழுதி முடிக்கும்வரை முன்னைவிட மெதுவாகத் திறக்கும். அதற்குள் மாமா மறுபடி வந்துவிடுவார். ஆன்டிவைரஸ் விஷயத்தில் 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்தே டிஃபெண்டர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மேலே ஒன்றைப் போட்டால் அது மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். மேலே இரண்டைப் போட்டால் அவை ஒன்றையொன்று சந்தேகப்பட்டு, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் மாறி மாறி முகர்ந்து பார்க்கும். பத்திரமாகத்தான் இருப்பீர்கள். வேலைதான் நடக்காது.

க்ளீனருக்கு உலக அளவில் ஒரு சரித்திரம் உண்டு. மாமா வகையறாக்கள் அதிகம் சிபாரிசு செய்த சிசிக்ளீனர் என்ற மென்பொருளுக்குள் 2017-ல் ஹேக்கர்கள் புகுந்து, அதன் ஒரு பதிப்போடு தங்கள் வைரஸையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் துடைப்பமே குப்பையைக் கொண்டுவந்து கொட்டியது. அதற்கும் முன்னால், 1995-ல், சாஃப்ட்ராம் என்று ஒன்று அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றது. இதைப் போட்டால் உங்கள் ராம் இரண்டு மடங்காகும் என்றார்கள். பிரித்துப் பார்த்தால், இரண்டு மடங்கு என்று திரையில் எழுதிக் காட்டுவதைத் தவிர உருப்படியாக எதையும் அது செய்யவில்லை. அமெரிக்க வர்த்தக ஆணையம் தலையிட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. அதே 1995-ல் பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் ஒரு கட்டுரையில், இயந்திரம் வேகமாவதைவிடச் சீக்கிரமாக மென்பொருள் மந்தமாகிக்கொண்டு போகிறது என்று எச்சரித்தார். அந்தக் கட்டுரை லட்சக்கணக்கில் விற்கவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு ஏதாவது ஒன்றைச் சேர்த்தால்தான் திருப்தி. எடுத்துவிடு என்று சொல்கிறவரை யாரும் கறிக்குழம்புக்குக் கூப்பிடுவதில்லை.

நான்காம், ஐந்தாம் படிகள் இன்னும் லோட் ஆகிக்கொண்டிருக்கின்றன. அதுவரை ஆறாம் படியைப் பார்ப்போம். இந்த வழிகாட்டியில் உண்மையிலேயே பயன்படக்கூடிய பகுதி இதுதான் என்பதால், அவசரக்காரர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம்.

சா மில்லுக்குப் போங்கள். 1883-ல் ஆரம்பித்த மில். 1942-ல் ஜப்பான்காரன் போட்ட குண்டு பறித்த பள்ளத்தைக்கூடப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தின் முன் செல்ஃபி எடுத்து முடித்ததும், மரம் அறுக்கும் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். ரம்பம் எவ்வளவு கூராக இருந்தாலும் பக்கத்தில் மரம் வந்து நின்றால்தான் அறுக்கும். மரம் கிடங்கிலிருந்து வர வேண்டும். கிடங்கிலிருந்து வந்த மரத்தைக் கிடத்த ரம்பத்துக்கு எதிரே மேடை வேண்டும். மேடை சின்னதாக இருந்தால் ஒன்றை இறக்கிவிட்டுத்தான் அடுத்ததை ஏற்ற முடியும், பாதி நேரம் ஏற்றி இறக்குவதிலேயே போய்விடும். உங்கள் லேப்டாப்பில் ரம்பம் ப்ராசசர், மேடை ராம், கிடங்கு ஹார்ட் டிஸ்க். கடைக்காரர் நான்கு கோர், இத்தனை ஜிகாஹெர்ட்ஸ் என்று ரம்பத்தின் பல்லை எண்ணிக் காட்டித்தான் விற்றிருப்பார். உங்கள் லேப்டாப்பில் நோய் பெரும்பாலும் மேடையிலோ கிடங்கிலோ இருக்கிறது.

எதில் என்று தெரிந்துகொள்ள ஜோசியம் வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெதுவாக வரும், கோபப்பட வேண்டாம், அதுவும் அதே லேப்டாப்பில்தான் ஓடுகிறது. அங்கே சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று எண்கள். டிஸ்க் எப்போது பார்த்தாலும் 100 சதவீதம் என்று சிவந்து நின்றால், உள்ளே இருப்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் பழைய தட்டு ஹார்ட் டிஸ்க்காக இருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளைக் கேட்டால் அதனால் நொடிக்கு நூறுகூட எடுத்துத் தர முடியாது, ஊசி ஒவ்வொன்றையும் தேடி நகர வேண்டும். சாதாரண எஸ்எஸ்டி அதே நொடியில் பல்லாயிரம் எடுக்கும், ஏனென்றால் அதில் நகரும் உறுப்பே கிடையாது. பழைய லேப்டாப்பில் பைசா போட்டால் முதலில் பலன் தெரியும் இடம் இதுதான். மெமரி எண்பது, தொண்ணூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றால் ராம் போதவில்லை. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ராம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. சொன்னது உண்மைதான். அந்த நாலில் பாதிக்கு மேல் விண்டோஸே உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் உங்களுக்கு வந்த செய்தியில் விட்டுப்போனது. காலி ஸ்லாட் இருந்தால் இன்னொரு ராம் போடலாம். டிடிஆர்3-யா டிடிஆர்4-ஆ என்று பார்த்து வாங்க வேண்டும், ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.

சிபியு மட்டும் 100 என்றால் கொஞ்சம் வருத்தமான சங்கதி. செலரான் என்4020 வகையறா ப்ராசசரை மாற்ற முடியாது, பலகையோடு சேர்த்து ஒட்டியிருக்கும். இரண்டு கோர், ஆறு வாட் மின்சாரம். ஒரு பழைய ஜீரோ வாட் பல்பைவிடக் குறைவான சாப்பாட்டில் டேலியும் ஸூமும் ஓட்டு என்றால் அது எங்கே போகும்?

இன்னும் சின்ன லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குத் தனி அனுதாபம். 2014 வாக்கில் 32 ஜிபி ஈஎம்எம்சி என்ற சேமிப்பு சில்லோடு மலிவு லேப்டாப்கள் வரத் தொடங்கின. அந்த சில்லும் பலகையில் பற்றவைத்ததுதான், கழற்றி எஸ்எஸ்டி மாட்ட முடியாது. விண்டோஸுக்கும் உடன் வந்தவற்றுக்கும் போக மிச்சம் இருக்கிற இடத்தில் அடுத்த பெரிய அப்டேட் இறங்காது. அப்டேட் இடம் கேட்கும், இடம் இல்லை என்று லேப்டாப் சொல்லும், ஒரு பென்டிரைவையாவது கொடு என்று அப்டேட் சொல்லும். பொங்கல் தொடங்கித் தீபாவளிவரை இந்தப் பேச்சுவார்த்தை நடக்கும். நீங்கள் நடுவில் போகாதீர்கள்.

ஸ்டார்ட்அப் என்ற பக்கமும் டாஸ்க் மேனேஜரிலேயே இருக்கிறது. லேப்டாப் திறக்கும்போது உங்களுக்கு முன்னால் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும் புரோகிராம்களின் பட்டியல் அது. எப்போதோ ஒரு கல்யாண ஆல்பத்துக்காகப் போட்ட போட்டோ எடிட்டர், இரண்டு பிரிண்டர்களின் உதவியாளர்கள் (பிரிண்டர் இரண்டும் இப்போது இல்லை), ஒரு மியூசிக் ஆப், மாமாவின் க்ளீனர். தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததை எல்லாம் டிசேபிள் செய்யுங்கள். அழியாது, கூப்பிட்டால் வரும். சா மில்லிலும் இதே கதைதான்: 2002-ல் உச்ச நீதிமன்றம் அந்தமானில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் குறைத்தபோது மில் படுத்துவிடும் என்றார்கள். உள்ளே வரும் மரம் குறைந்தது, மில் இன்றும் நிற்கிறது.

அடுத்தது இந்தத் தீவுக்கே உரிய அத்தியாயம். இங்கே மே மாதம் இறங்கும் மழை டிசம்பர் வரை போக மனசில்லாமல் நிற்கும், வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும். மழை இல்லாத நாளில் கடல்காற்று உப்பைக் கொண்டுவரும். மெயின்லேண்டில் எழுதப்படும் எந்த டிப்ஸிலும் இது வராது. லேப்டாப்பை உபயோகிக்காமல் பீரோவில் பத்திரப்படுத்துவதுதான் இங்கே அதைக் கொல்லும் நிச்சயமான வழி. மூடிக் கிடக்கும் இயந்திரத்தில் ஈரம் இறங்கி, ராமின் தங்க முலாம் பூசிய கால்களிலும் சார்ஜர் முனையிலும் களிம்பு ஏறும். தினமும் கொஞ்ச நேரம் ஓடி உடம்பு சூடாகும் லேப்டாப்தான் இங்கே நீண்ட நாள் வாழ்கிறது. ஆகவே “சும்மா சும்மா லேப்டாப்பை நோண்டாதே” என்று அப்பா சொன்னால், பராமரிப்பு நடக்கிறது என்று பதில் சொல்லலாம். ஏசி அறையில் குளிர்ந்த லேப்டாப்பை வெளியே எடுத்த கையோடு ஆன் செய்யாதீர்கள், கண்ணாடியில் வியர்ப்பது உள்ளேயும் வியர்க்கும். அரிசி டப்பாவில் புதைத்து வைக்கும் வைத்தியம் செல்போனுக்கே வேலை செய்வதில்லை. லேப்டாப்புக்குச் செய்தால் சார்ஜர் ஓட்டையிலிருந்து பொன்னி அரிசி பொறுக்கும் வேலை வரும்.

மில் பக்கம் குடியிருந்தால் மரத்தூள் என்ற இன்னொரு விருந்தாளியும் உண்டு. படாக் மரத்தின் தூள் செம்மண் நிறம். விசிறி உள்ள லேப்டாப்பைக் கழற்றினால் ஹீட் சிங்க்கின் இடுக்கில் அது உப்பு ஈரத்தோடு சேர்ந்து அடையாகப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். காற்று போக வழியில்லாவிட்டால் ப்ராசசர் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஊதிச் சுத்தம் செய்யும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி அச்சு கெடும். விசிறியே இல்லாத மாடல் என்றால் அடியில் இரண்டு புத்தகம் வைத்துத் தூக்கி, எதிரே டேபிள் ஃபேன் போடலாம். தலையணை மேல் மட்டும் வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்தால் என்ன என்று கேட்ட அன்பருக்கு: வைக்கலாம், மீன் பக்கத்தில் இடம் இருந்தால். திரும்ப எடுக்கும்போது மேலே ஏசியைப் பற்றிச் சொன்னதை மறுபடி படிக்கவும்.

கரண்ட் போய் வரும்போது லேப்டாப் திடீரென்று மந்தமானால் பயப்பட வேண்டாம். பேட்டரிக்கு மாறியதும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அது வேகத்தைக் குறைக்கிறது, செட்டிங்ஸில் பவர் மோட் என்ற இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். சாத்தத்திலேயே டீசல் பவர் ஹவுஸ் இருக்கிறது, நெய்வேலி நிறுவனம் வந்து 20 மெகாவாட் சூரிய மின்நிலையமும் போட்டிருக்கிறது, ஆனாலும் உங்கள் வீட்டு பிளக் பாயின்ட் ஆடினால் அதற்கு அவர்கள் பொறுப்பில்லை. சில கம்பெனி லேப்டாப்கள் வேற்று சார்ஜரைச் சொருகினால் அடையாளம் தெரியவில்லை என்று வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஜாரில் பாதி விலைக்கு வாங்கிய சார்ஜர் பாதி வேகம் தருவதில் நியாயம் இருக்கிறது.

சரி, எஸ்எஸ்டியோ பேட்டரியோ வாங்க முடிவு செய்துவிட்டீர்கள். ஆன்லைனில் ஆர்டர் போடுங்கள். 744 என்று பின்கோடு தட்டியதும் கடையின் முகம் மாறும். டெலிவரி இல்லை என்று வரும், இல்லையென்றால் தேதி வரும், அந்தத் தேதியில் உங்கள் மகனுக்குப் பரீட்சையே முடிந்திருக்கும். எஸ்எஸ்டியாவது தபாலில் வந்து சேரும். பேட்டரிக்கு வேறு ஜாதகம். தனியாகப் பொதிந்த லித்தியம் அயன் பேட்டரிகள் தீப்பிடிக்கும் ஆபத்து உள்ளவை என்பதால் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை 2016 ஏப்ரலிலிருந்து சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு நிறுத்திவிட்டது. சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல் பிரயாணம்தான் அதற்கு விதி. கப்பலில் வரும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் முறுக்கு, கருவாடு இவற்றோடு பட்டியலில் சேர்த்துவிடுங்கள். எந்த மாடல் என்று போட்டோ எடுத்து அனுப்பியும் அவர் வேறு ஒன்றைத்தான் வாங்கி வருவார். அதை வாங்கித் திரும்ப அடுத்த கப்பலில் ஏற்றும்போது முகத்தில் சிரிப்பு இருக்கட்டும்.

சொந்தக்காரர் வழியாக லேப்டாப்பே வந்து சேர்வதும் உண்டு. 2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூர் பக்கம் காக்களூரில் ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லட்சக்கணக்கானோருக்கு லேப்டாப் கிடைத்தது. இங்கே தமிழ் மீடியம் படித்தாலும் நம் பிள்ளைகள் யூனியன் பிரதேசத்துப் பிள்ளைகள், கணக்கில் வரமாட்டார்கள். சித்தப்பா மகன் படித்து முடித்து வேலைக்குப் போனதும், மூடியில் முதலமைச்சர் படத்தோடு அவன் லேப்டாப் ராமநாதபுரத்திலிருந்து இங்கே வரும். அந்தத் திட்டத்து லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள், சி-டாக்கின் சென்னை மையம் செய்தது. வாங்கிய பிள்ளைகள் பெரும்பாலும் செய்த முதல் வேலை லினக்ஸைத் தூக்கிவிட்டு கேம்ஸ் போட்டதுதான். வருஷங்கள் கழித்து அதே லேப்டாப்பை உயிரோடு எழுப்ப இப்போது லினக்ஸைத் தேட வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11 போடலாம் என்றால் 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 சில்லு என்று பெண் பார்க்க வந்தவர்கள் கணக்காகக் கேட்கும். லுபுண்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஆகியவை 4 ஜிபியில் நிம்மதியாக ஓடும். பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் ஒன்றையும் அழிக்காமல் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தமிழும் அழகாக வரும். ஒரே சிக்கல், கடைக் கணக்குப் பார்க்கும் அப்பா. டேலி விண்டோஸைத் தவிர வேறு வீட்டில் கை நனைக்காது.

இத்தனைக்கும் பிறகு மந்தமாகவே இருந்தால், லேப்டாப்பை விட்டுவிட்டு அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைக் கவனியுங்கள். ஒரு லேப்டாப்பில் அக்காவின் நுழைவுத்தேர்வு விண்ணப்பம் பாதியில் நிற்கிறது, போட்டோ 50 கேபிக்குள் வேண்டுமாம். அதற்காகத் திறந்த போட்டோ சுருக்கும் தளங்கள் ஐந்தும் மூடப்படவில்லை. தம்பியின் காலேஜ் ப்ராஜெக்ட், அம்மா நேற்று விட்ட இடத்திலிருந்து சீரியல், அப்பாவின் கப்பல் டிக்கெட் பக்கம், எதிர் வீட்டு அண்ணி வந்து திறந்த சேலைக் கடை. 2008-ல் வந்த நாளிலிருந்தே குரோம் ஒவ்வொரு டேபையும் தனித்தனி வேலையாக ஓட்டுகிறது. ஒன்று விழுந்தால் மற்றது பிழைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி இலை போட வேண்டும். செட்டிங்ஸில் மெமரி சேவரைப் போடுங்கள், பார்க்காத டேப் தூங்கிவிடும். விளம்பரம் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றும் போடுங்கள். பல தளங்களில் செய்தியைவிட விளம்பரம்தான் ப்ராசசரைத் தின்கிறது. “யாரோட டேப் இது?” என்று கத்திக் கேட்டு மூடினால் ராம் காலியாகும், அன்றைக்கு இரவுச் சாப்பாடும் சந்தேகத்துக்கு உள்ளாகும். கேட்காமல் மூடுங்கள். நெட் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், இந்த வாரத்துக்கான ஒரு தடவை இன்னும் மிச்சம் இருந்தால்.

கடைசியாக ஒரு பாதுகாப்பு நடவடிக்கை. எஸ்எஸ்டி போட்டு, ஸ்டார்ட்அப்பை வெட்டி, தூசி தட்டிய லேப்டாப் அரை நிமிடத்துக்குள் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதை வெளியே சொல்லிவிடாதீர்கள். சாத்தம் சின்ன இடம், பாலத்தைத் தாண்டுவதற்குள் சேதி ஹாடோவுக்குப் போய்ச் சேரும். சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடும் ஊரில் அதற்குப் பிறகு ஜனங்களுக்கு வேறு வேலையும் கிடையாது. “தம்பி, இதையும் கொஞ்சம் பாருப்பா” என்று ஆளுக்கொரு பையோடு வாசலில் நிற்பார்கள். பழைய வால்பேப்பரை மாற்றாதீர்கள். யாராவது பக்கத்தில் இருந்தால் பவர் பட்டனை அமுக்கிவிட்டுப் பெருமூச்சு விடுங்கள், மூன்று முறை ரிஃப்ரெஷ் செய்யுங்கள். அப்படியும் கண்டுபிடித்துவிட்டால், மெயின்லேண்டுக்கு சர்வீஸுக்கு அனுப்பினேன், கப்பலில் திரும்பி வர மூன்று மாதம் ஆச்சு என்று சொல்லுங்கள். அதற்கும் அசராமல் பையைத் திறப்பவருக்கு மாமாவின் நம்பரைக் கொடுத்துவிடுங்கள்.